இரும்பும் களியும்: நீரிலிருந்து பார உலோகம் அகற்றிய வரலாறு

மனிதன் நீரிற் கலக்கும் கழிவுகளை இருவகைப்படுத்தி நோக்கலாம். தாவர, விலங்குக் கழிவுகள் ஒருவகை. இவற்றை நுண்ணுயிர்கள் காலப்போக்கிற் சிதைத்துவிடுகின்றன. ஆறு ஓடிய தூரத்திற்கேற்ப அதன் அழுக்கும் குறைகின்றது. உலோகக் கழிவு இதனின்றும் முற்றிலும் வேறுபட்டது. ஈயமும் கட்மியமும் இரசமும் குரோமியமும் மூலகங்கள். அவற்றைச் சிதைக்கவல்ல நுண்ணுயிர் எதுவுமில்லை. எரித்தாலும் அவை அழிவதில்லை. நீரிலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து மீனுக்கும், வயலிலிருந்து நெல்லுக்கும், ஈற்றில் மனித உடலுக்கும் அவை இடம்பெயருமேயன்றி இல்லாதொழிவதில்லை. எனவே, பார உலோகங்களை நீரிலிருந்து அகற்றுதல் என்பது அவற்றின் வடிவத்தையும் இருப்பிடத்தையும் மாற்றுவதேயாகும். இவ்வுண்மையை மனங்கொண்டே இத்துறையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

களியின் மேற்பரப்பில் நனோ அளவான இரும்புத் துணிக்கைகளைப் படியச் செய்து, அக்கலவையினாற் கழிவுநீரிலுள்ள உலோகங்களை அகற்றும் முறை, 21ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிற் பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் ஆராயப்பட்டது. இதனை முற்றிலும் புதிய கண்டுபிடிப்பாகக் கருதுவாருமுளர். ஆயின், கரைசலிலுள்ள உலோகத்தை இரும்பு பிரித்தெடுக்கும் என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்ட செய்தி. கரைசலிலுள்ள பொருள்களைக் களி பற்றிக்கொள்ளும் என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சோதனை வாயிலாக நிறுவப்பட்ட செய்தி. இவ்விரு அறிவும் மக்களின் நீரைக் காக்கும் பணியில் ஒன்றிணைய இத்துணைக் காலம் சென்றமைக்குக் காரணம் என்ன? இவ்வினாவுக்கான விடை இரசாயனவியலில் மாத்திரமன்றிச் சமூக வரலாற்றிலும் தேடப்படவேண்டியதாகும்.

செம்பைத் தந்த இரும்பு

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் சீன நூலொன்று, செம்புச் சேர்வையொன்று இரும்புடன் சேரும்போது செம்பாக மாறுவதைக் குறிப்பிடுகின்றது. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன அறிஞர் ஷென் குவோ, கசப்பு நீரூற்றொன்றின் நீரைக் காய்ச்சும் இரும்புப் பாத்திரம் நாளடைவிற் செம்பாக மாறுவதைப் பதிவு செய்துள்ளார். சொங் அரச வமிசக் காலத்தில் இவ்வறிவு ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. செம்புச் சல்பேற்றுக் கலந்த சுரங்க நீரைத் தொட்டிகளிற் தேக்கி, அவற்றுள் இரும்புத் தகடுகளை இட்டு, அவற்றின்மீது படிந்த செம்பைச் சுரண்டி எடுத்தனர். நாணயம் வார்ப்பதற்கு வேண்டிய செம்பு இவ்வாறும் பெறப்பட்டது.

ஐரோப்பாவிலும் இந்நிகழ்ச்சி அறியப்பட்டிருந்தது. ஆயின், அங்கு இரசவாதிகள் இதனை ஓர் உலோகம் பிறிதோர் உலோகமாக மாறுவதற்குச் சான்றாகக் கொண்டனர். இரும்பு மாறிச் செம்பாகவில்லை, முன்னரே நீரிற் கரைந்திருந்த செம்பே வெளிப்படுகின்றது என்பதை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஞ்சலஸ் சாலா என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரும் ஸ்பெயினின் ரியோ தின்தோ, வேல்ஸ் நாட்டின் பரிஸ் மலை முதலிய சுரங்கங்களில் இம்முறை நெடுங்காலம் கையாளப்பட்டது.

இதன் அடிப்படையை இன்றைய இரசாயனவியல் எளிதில் விளக்கும். நியம மின்வாய் அழுத்தம் இரும்புக்கு −0.44 வோல்ற்று, செம்புக்கு +0.34 வோல்ற்று. ஆதலின் இரும்பு தன் இலத்திரன்களைச் செம்பு அயனுக்குக் கொடுத்துத் தான் கரைகின்றது. செம்பு உலோகமாகப் படிகின்றது. அதாவது, இரும்பு ஒட்சியேற்றமடையச் செம்பு தாழ்த்தலடைகின்றது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சொங் காலத்துத் தொட்டிகளிலும் ரியோ தின்தோவின் கால்வாய்களிலும் வேண்டப்பட்டது செம்பேயன்றித் தூய நீரன்று. செம்பு எடுத்தபின் எஞ்சிய நீர் ஆற்றுக்கே விடப்பட்டது. உலோகத்தை நீரிலிருந்து பிரிக்கும் கலை இலாபத்தின் பொருட்டுத் தோன்றியது. இலாபம் தராத உலோகத்தைப் பிரிக்க எவரும் முயன்றாரல்லர்.

களியின் பற்றுந்திறன்

களி பற்றிய அறிவு வேளாண்மையின் வழியே வந்தது. 1840களில் இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிலிருந்த நிலவுடைமையாளர் எச். எஸ். தொம்சன் என்பார், எருவிலுள்ள அமோனியா மழைநீருடன் கழுவிச் செல்லப்படாது மண்ணில் எவ்வாறு தங்குகின்றது என ஆராய்ந்தார். மண் நிரப்பிய குழாயினூடாக அமோனியஞ் சல்பேற்றுக் கரைசலை வடியவிட்டபோது, அடியில் வெளிவந்த நீரிற் பெரும்பாலும் கல்சியஞ் சல்பேற்றே காணப்பட்டது. 1850இல் வெளியான இம்முடிவுகளைத் தொடர்ந்து, யோன் தோமஸ் வே என்னும் இரசாயனவியலாளர் விரிவான சோதனைகளை நடாத்தி, இப்பண்பு மண்ணிலுள்ள களிக்கே உரியதென நிறுவினார். இன்று அயன் மாற்றம் என வழங்கும் தோற்றப்பாட்டின் ஆய்வு இவ்வாறே தொடங்கியது. இம்மாற்றம் மீளாதது என வே கருதினார். அது மீளத்தக்கது என்பதை 1858இல் ஐக்கோர்ண் காட்டினார். களி பற்றியதை மீண்டும் விடவும் கூடும் என்னும் இவ்வுண்மை பின்னர்ப் பெருமுக்கியம் பெற்றது.

களியின் இப்பண்புக்குக் காரணம் அதன் படிக அமைப்பாகும். 1930ஆம் ஆண்டில் லைனஸ் போலிங் முதலியோரின் ஆய்வுகளைத் தொடர்ந்து, களி என்பது சிலிக்கா, அலுமினா ஆகியவற்றின் மென்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கனியம் என்பது தெளிவாயிற்று. இத்தகடுகளிற் சில சிலிக்கன் அணுக்களின் இடத்தை அலுமினியமும், சில அலுமினிய அணுக்களின் இடத்தை மகனீசியமும் பெறுவதால், தகடு எதிரேற்றமுடையதாகின்றது. அவ்வேற்றத்தை ஈடுசெய்யவே அது நேரயன்களைப் பற்றுகின்றது. சீனாவின் காவோலிங் என்னும் இடத்தாற் பெயர்பெற்ற கயோலின் இவ்வகையில் வலுக் குறைந்தது. பெந்தனைற்றின் முக்கிய கனியமான மொண்மொறிலோனைற்று வலு மிக்கது. பின்னதன் ஒரு கிராம், தன் தகடுகள் முற்றாகப் பிரியுமிடத்து, ஏறத்தாழ 800 சதுரமீற்றர் வரையிலான மேற்பரப்பைக் கொண்டிருக்கும்.

துன்பம் கற்பித்த பாடம்

இவ்வாறு 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே இரும்பின் இயல்பும் களியின் இயல்பும் தனித்தனியே அறியப்பட்டிருந்தன. ஆயினும், அக்காலத்திலேயே உலோகக் கழிவு ஆறுகளை நஞ்சாக்கி வந்தது. யப்பானின் ஆஷியோ செம்புச் சுரங்கக் கழிவு வத்தராசே ஆற்றின் கரையிலிருந்த வயல்களைப் பாழாக்கியது. இதற்கெதிராகப் பாராளுமன்றத்திற் பல்லாண்டுகள் குரலெழுப்பிய தனக்கா ஷோசோ, ஈற்றில் தம் பதவியைத் துறந்து, 1901ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி பேரரசரின் வண்டியை நோக்கி மனுவுடன் ஓடினார். மனு பேரரசரைச் சேரவில்லை. அவரைக் காவலர் பிடித்தனர்.

அரை நூற்றாண்டின் பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. யின்சூ ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கமியோக்கா சுரங்கத்தினின்றும் வெளியேறிய கட்மியம், ஆற்றுநீர் பாய்ந்த நெல்வயல்களிற் சேர்ந்தது. அவ்வயல்களின் அரிசியை உண்ட மக்களுள், குறிப்பாக வயது முதிர்ந்த பெண்களின் எலும்புகள் மென்மையுற்று முறிந்தன. அவர்கள் வலியால் எழுப்பிய ஓலமே 'இத்தாய் இத்தாய்' என அந்நோய்க்குப் பெயராயிற்று. உள்ளூர் வைத்தியரான ஹகினோ நொபோரு இதற்குக் கட்மியமே காரணமெனக் கூறியது 1961இல். அரசாங்கம் அதனை ஏற்றது 1968இல்.

மினமாத்தாவில் நிகழ்ந்தது இதனினும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. அங்கு 1956இல் நரம்பு நோயொன்று உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. குடாவின் மீன்களிற் சேர்ந்த சேதன இரசச் சேர்வையே அதன் காரணமெனக் குமமொத்தோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் முடிவு செய்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சிசோ நிறுவனம் தன் தொழிற்சாலையிற் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பொறியொன்றை விழா எடுத்துத் திறந்துவைத்தது. மக்கள் ஆறுதலடைந்தனர். ஆயின், அப்பொறி கரைந்துள்ள சேதன இரசத்தை அகற்றுவதற்கென அமைக்கப்பட்டதன்று என்பது பின்னர் வெளிப்பட்டது. நஞ்சை உண்டாக்கிய செய்முறை 1968ஆம் ஆண்டு மே மாதத்திற் கைவிடப்பட்டது. காரணத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது அதே ஆண்டு செப்டெம்பரிலாகும். சுத்திகரிப்பு என்னும் பெயரும் ஒரு பொறியும் இருப்பது மாத்திரம் நீரின் தூய்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் வலிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இத்துன்பங்களின் பின்னரே சட்டங்கள் தோன்றின. யப்பானில் 1970இலும் ஐக்கிய அமெரிக்காவில் 1972இலும் நீர் மாசடைதலைத் தடுக்கும் சட்டங்கள் நிறைவேறின. இலங்கையின் தேசிய சுற்றாடற் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டமாகும். கழிவுநீரில் இருக்கத்தக்க உலோகத்தின் எல்லை வரையறுக்கப்பட்டதும், இலாபம் தராத உலோகத்தையும் பிரித்தெடுக்கவேண்டிய தேவை முதன்முதலாகத் தொழிலதிபர்க்கு ஏற்பட்டது.

சுண்ணாம்பின் எல்லையும் இரும்புச் சுவரும்

இத்தேவைக்குப் பரவலாகக் கையாளப்பட்ட முறை, கழிவுநீரிற் சுண்ணாம்பு இட்டு உலோகங்களை ஐதரொட்சைட்டுகளாக வீழ்படியச் செய்தலாகும். இது மலிவானது, செறிவு கூடிய கழிவுக்கு ஏற்றது. ஆயின், மிகக் குறைந்த செறிவில் எஞ்சும் உலோகத்தை இம்முறை எளிதில் அகற்றாது. அந்த எச்சமோ அற்பமானதன்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வழிகாட்டு அளவு, இலீற்றரொன்றுக்குக் கட்மியம் 0.003 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.05 மில்லிகிராம் ஆகும். மேலும், அறுவலுக் குரோமியம் குரோமேற்று என்னும் எதிரயனாக நீரில் இருப்பதாற் சுண்ணாம்பினால் வீழ்படிவதில்லை. முதலில் அதனைத் தாழ்த்தி மூவலு நிலைக்குக் கொணர்தல் வேண்டும்.

அறுவலுக் குரோமியத்தின் கொடுமையைத் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை நன்கறியும். தோல் பதனிடும் தொழில் செறிந்த பாலாற்றுப் பகுதியின் மாசு தொடர்பாக இந்திய உயர் நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆந் திகதி வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டையும் அந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதே இராணிப்பேட்டையிற் குரோமேற்று உற்பத்தி செய்து பின்னர் மூடப்பட்ட தொழிற்சாலையொன்று, 1,50,000 தொன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியிற் குவித்துச் சென்றது. மழை பெய்யுந்தோறும் அக்குவியலிலிருந்து மஞ்சள் நிறக் குரோமேற்று நிலத்தடி நீரை நோக்கிக் கசிந்தது.

இத்தகைய நிலத்தடி மாசுக்கு எதிராகவே பழைய இரும்பு மீண்டும் நினைவுகூரப்பட்டது. கனடாவின் வாட்டலூ பல்கலைக்கழகத்தில் 1980களில், நிலக்கீழ் நீரை மாதிரி எடுக்கப் பயன்படும் பொருள்களை ஆராய்ந்தபோது, சில குளோரீன் கரைப்பான்கள் உலோகத்துடன் தொடர்புற்றதும் குறைவது அவதானிக்கப்பட்டது. இதனைப் பயன்படுத்திய றொபேட் கில்லமும் அவர்தம் குழுவினரும், 1991இல் ஒன்ராறியோவிலுள்ள போர்டன் என்னுமிடத்தில், நிலக்கீழ் நீரோட்டத்திற்குக் குறுக்கே இரும்புத் துருவலும் மணலும் கலந்த சுவரொன்றை அமைத்துச் சோதித்தனர். 1996இல் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள எலிசபெத் நகரில், மின்முலாமிடும் பட்டறையொன்றிலிருந்து கசிந்த குரோமேற்றைத் தடுக்க 46 மீற்றர் நீளமும் 7.3 மீற்றர் ஆழமும் 0.6 மீற்றர் தடிப்புமுடைய இரும்புச் சுவர் நிலத்தினுட் புதைக்கப்பட்டது. நீர் சுவரினூடே சென்றது. குரோமியம் மூவலு நிலைக்குத் தாழ்ந்து சுவரிலேயே தங்கியது. முற்காலத்திற் செம்பின் பொருட்டுக் கையாளப்பட்ட தாழ்த்தல் வினை, இங்கு நீரின் பொருட்டுக் கையாளப்பட்டது.

நனோத் துணிக்கையும் களித் தாங்கியும்

சுவரொன்றை எல்லா இடத்திலும் அமைத்தல் இயலாது. இரும்பின் தாக்கம் அதன் மேற்பரப்பில் நிகழ்வதாகலின், துணிக்கை சிறிதாகுந்தோறும் தாக்கம் விரைவுறும். 1997இல் ஐக்கிய அமெரிக்காவின் பெத்லகேம் நகரிலுள்ள லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங், சாங் ஆகிய இருவர், இரும்பு உப்புக் கரைசலைச் சோடியம் போரோஐதரைட்டினால் தாழ்த்தி, 100 நனோமீற்றருக்கும் உட்பட்ட இரும்புத் துணிக்கைகளை ஆக்கினர். சந்தையிற் கிடைத்த இரும்புத் தூளின் மேற்பரப்புக் கிராமொன்றுக்கு ஒரு சதுரமீற்றரிலும் குறைவாயிருக்க, இவற்றின் மேற்பரப்பு 33.5 சதுரமீற்றராயிருந்தது. உருக்குத் தொழிலாற் பெயர்பெற்ற அந்நகரில், உருக்கு வார்ப்பு முற்றாக நிறுத்தப்பட்ட 1995ஆம் ஆண்டிற்கு ஈராண்டுகளின் பின் இவ்வாய்வு வெளிவந்தமை ஒரு தற்செயலே.

ஆயின், நுண்மையே இத்துணிக்கைகளின் குறைபாடுமாயிற்று. காந்த இயல்புடைய அவை ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு மீண்டும் பெருந்துணிக்கைகளாயின. வளிபட்டதும் விரைவில் ஒட்சியேறின. நீரிலிருந்து மீட்டெடுத்தலும் கடினமாயிற்று. ஆதலின் அவற்றைத் தாங்கி நிற்க ஒரு பொருள் தேடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் மலூக் குழுவினர், பிசினொன்றின்மீது தாங்கிய நனோ இரும்பினாற் குரோமியத்தையும் ஈயத்தையும் அகற்றினர். பின்னர் மலிவான தாங்கியாகக் களி தெரிவுசெய்யப்பட்டது. 2009இல் துருக்கிய ஆய்வாளர்கள் கயோலின் களியிலும், 2011இல் சீன ஆய்வாளர்கள் கயோலின், பெந்தனைற்று ஆகிய இரண்டிலும் இரும்பைத் தாங்கச் செய்து, செம்பு, கோபாற்று, ஈயம், குரோமியம் என்பவற்றை நீரிலிருந்து அகற்றிக் காட்டினர்.

இவ்விணைப்பின் சிறப்பை உலோகங்களின் இயல்பு கொண்டு உணரலாம். செம்பு, இரசம் போன்றவை இரும்பினால் எளிதில் தாழ்த்தப்பட்டு உலோகமாகின்றன. ஈயமும் (−0.13 வோல்ற்று) நிக்கலும் (−0.25 வோல்ற்று) ஓரளவு தாழ்த்தலுற்று, ஓரளவு புறத்துறிஞ்சப்படுகின்றன. இரும்புக்கு மிக அண்மித்த கட்மியமும் (−0.40 வோல்ற்று), அதற்குக் கீழுள்ள நாகமும் (−0.76 வோல்ற்று) தாழ்த்தலுறாது, இரும்பைச் சூழ்ந்த துருப்படையிற் புறத்துறிஞ்சப்படுகின்றன. குரோமேற்றின் நிலை வேறு. அது எதிரயன், களியும் எதிரேற்றமுடையது, ஆதலின் களி தனித்து நின்று அதனைப் பற்றாது. இரும்பு அதனைத் தாழ்த்தியதும் தோன்றும் மூவலுக் குரோமியமோ நேரயன். அது இரும்புடன் சேர்ந்து ஐதரொட்சைட்டாகக் களியின்மீது படிகின்றது. ஒன்று ஆற்றாததை மற்றொன்று ஆற்றுவதே இக்கலவையின் தனிச்சிறப்பாகும்.

மூன்று பானைகள்

ஆய்வுகூடத்தின் நுண்மை எட்டாத இடத்திலும் இவ்வறிவு பயன்பட்டமையை வங்காளதேசம் காட்டுகின்றது. கிருமி மிகுந்த குளத்து நீருக்குப் பதிலாக அந்நாட்டில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் நீரில் ஆசனிக்கு இருப்பது 1993இல் அறியப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 2000ஆம் ஆண்டு வெளியான கட்டுரையொன்று, 12.5 கோடி மக்களுள் 3.5 கோடி முதல் 7.7 கோடி வரையானோர் ஆபத்துக்குள்ளாகியிருக்கலாம் எனக் கணித்தது. ஆசனிக்கு முழுமையான உலோகமன்று எனினும், இரும்பின் துரு அதனையும் இறுகப் பற்றும். இரும்புத் துருவல், மணல், கரி, செங்கற்றூள் ஆகியவற்றை மண்பானைகளில் இட்டு, பானைமேற் பானையாக அடுக்கி நீரை வடித்தனர். இம்முறையைச் செப்பனிட்டு 'சோனோ' வடியை ஆக்கிய குஷ்தியாவைச் சேர்ந்த இரசாயனவியலாளர் அபுல் ஹுசாமுக்கு, 2007இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பொறியியற் கழகம் 10 இலட்சம் டொலர் பரிசளித்தது. இவ்வடிக்கு மின்சாரம் தேவையில்லை.

எஞ்சும் வினா

களி தாங்கிய நனோ இரும்பும் குறையற்றதன்று. போரோஐதரைட்டு விலை கூடியது; இதற்கு மாற்றாகத் தேயிலைச் சாற்றிலுள்ள பல்பீனோல்களைக் கொண்டு நனோ இரும்பை ஆக்கும் முறை 2009இல் வெளியிடப்பட்டது. தேயிலையும், பொரலஸ்கமுவை, மீட்டியாகொடை ஆகிய இடங்களில் வெண்களியும் உள்ள இலங்கையின் ஆய்வாளர்க்கு இது சிந்தனைக்குரியது. தனித்தியங்கும் நனோத் துணிக்கைகளின் தீங்கு அறியப்படும்வரை அவற்றைச் சுற்றாடலில் விடுதல் தடுக்கப்படவேண்டும் எனப் பிரித்தானிய றோயற் கழகமும் றோயற் பொறியியற் கழகமும் 2004ஆம் ஆண்டு அறிக்கையில் வற்புறுத்தின. துணிக்கைகளைக் களியிற் பிணைத்தல் இவ்வச்சத்தைக் குறைக்குமேயன்றி நீக்கிவிடாது.

அனைத்திலும் மேலானது முதலிற் கூறிய உண்மையே. உலோகத்தைப் பற்றிய களி, உலோகம் செறிந்த களியாகின்றது. அதனை அமிலமுள்ள நிலத்திற் கொட்டினால், ஐக்கோர்ண் காட்டியவாறு, பற்றியது மீண்டும் விடப்படலாம். ஓர் ஊரின் நீரைத் தூய்மையாக்கிக் கிடைத்த சேற்றை மற்றோர் ஊரின் நிலத்திற் குவிப்பது சுத்திகரிப்பு ஆகாது. இராணிப்பேட்டையின் குவியல் இதற்குக் கண்கூடான சான்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அறிவு எங்கும் முந்தியே நின்றது என்பதும், பிந்தியது அதனை மக்களின் பொருட்டுப் பயன்படுத்தும் மனமே என்பதும் புலனாகும். தனக்கா ஷோசோ மனுவுடன் ஓடியபோது, இரும்பு செம்பைப் பிரிக்கும் என்பது சுரங்கத் தொழிலார் யாவரும் அறிந்த உண்மை. மினமாத்தாவிற் பொறி திறக்கப்பட்டபோது, நஞ்சு எதுவென்பது பல்கலைக்கழகத்தில் அறியப்பட்டிருந்தது. நனோத் துணிக்கை நீரிலிருந்து உலோகத்தைப் பிரிக்கவல்லது. பிரித்த உலோகத்தை எங்கே வைப்பது, அதன் செலவை யார் ஏற்பது, எவருடைய நீர் முதலிற் காக்கப்படவேண்டும் என்னும் வினாக்களுக்கு விடையளிக்க அதனால் இயலாது. அவ்விடைகளைச் சமூகமே அளித்தல் வேண்டும்.